குமுளி ஏற்றத்தில் வழுக்கிய கியர் லிவர்: பல் தேய்மானம் பற்றி நம் அனுபவங்கள்

கூடலூர்க்காரன்:

நான் இருப்பது தேனி மாவட்டத்துக் கூடலூர், நீலகிரிக் கூடலூர் இல்லை. குமுளியில் ஒரு விடுதியில் இரவு வேலை. லோயர் கேம்ப் தாண்டினால் ஏற்றம்தான். கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கில் கால் சும்மா இருக்காது, கியரை ஏற்றி இறக்கிக்கொண்டே போக வேண்டும்.

போன ஆடி மாதம், நல்ல சாரல். மின் நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்கள் தெரிகிற வளைவுக்குப் பக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க மிதித்தேன். லிவர் இறங்கியது, கியர் இறங்கவில்லை. மறுபடி மிதித்தால், இன்ஜினிலிருந்து நீளும் பல் வெட்டிய தண்டைப் பிடித்து நிற்க வேண்டிய லிவர், அதைச் சும்மா சுற்றி வருகிறது. வண்டி திணறி நின்றுவிட்டது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் போட்டு போல்ட்டை முறுக்கினால் அது ஏற்கெனவே இறுகித்தான் இருக்கிறது.

ஏலத்தோட்டத்து ஆட்களை இறக்கிவிட வந்த ஜீப் ஒன்று நின்றது. டிரைவர் அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். "பல்லு போயிருச்சு தம்பி, முறுக்கிப் பிரயோசனம் இல்ல" என்றவர், சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு வைஸ் கிரிப்பை (கடித்தபடி பூட்டிக்கொள்ளும் குறடு) எடுத்து, லிவரைக் கழற்றிவிட்டு அதைத் தண்டில் கடிக்க வைத்தார். "இதை மிதிச்சுப் போ. நாளைக்கு லோயர் கேம்ப் டீக்கடையில குடுத்துரு." அப்படியே குமுளி போய், காலையில் அதே வைஸ் கிரிப்போடு இறங்கினேன். அந்த அண்ணனுக்கு இன்றைக்கும் மனதில் ஒரு கும்பிடு உண்டு.

வீட்டில் லிவரை வைஸில் கட்டி நிதானமாகப் பார்த்தேன். லிவரின் காதில், அதாவது தண்டைச் சுற்றிப் பிடிக்கும் வளையத்தில், ஒரு வெட்டு இருக்கும் அல்லவா, போல்ட்டை முறுக்கும்போது அது சுருங்கித்தான் தண்டைப் பிடிக்கும். என் லிவரில் அந்த வெட்டின் இரண்டு உதடுகளும் முட்டிக்கொண்டு நின்றன. அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் பிடிப்பு ஏறாது, போல்ட்தான் அறுந்து போகும். என்றைக்கோ போல்ட் லேசாகத் தளர்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறேன். ஒவ்வொரு மிதிக்கும் பல் மேல் பல் ஏறி, ஏறி, லிவரின் மென்மையான இரும்புப் பல் தேய்ந்து வழிந்துவிட்டது.

தண்டைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. மேலாகப் பார்த்தால் மொழுமொழுவென்று இருந்தது, பல் அத்தனையும் போய்விட்டது என்றே நினைத்தேன். கோணி ஊசியால் சுரண்டினால், பள்ளங்களில் லிவரிலிருந்து உதிர்ந்த இரும்பும் துருவும் பசை மாதிரி அடைத்திருந்தன. டீசல் தொட்டு, சின்ன முக்கோண அரத்தின் முனையால் ஒவ்வொரு பள்ளமாக இழுத்தேன். அரத்தை அழுத்தக் கூடாது, அழுக்கு மட்டும்தான் வர வேண்டும். ஒரு மணி நேரம் ஆனது. வெளிப்பக்கம் ஏழெட்டு மில்லிமீட்டர் நீளத்துக்குத் தேய்மானம். ஆனால் இன்ஜின் பக்கம் நாலைந்து மில்லிமீட்டர் பல், லிவர் தொடாத இடம், புதுசு மாதிரியே இருந்தது!

அப்புறம் செய்தது இவ்வளவுதான். ஆக்ஸா பிரேமில் இரண்டு பிளேடை ஒட்டி மாட்டி லிவரின் வெட்டை அகலமாக்கினேன். லிவர் காதின் பின்முகத்தில் கிரைண்டரால் இரண்டு மில்லிமீட்டர் எடுத்தேன். அதனால் லிவர் இன்னும் உள்ளே போய் நல்ல பல்லில் உட்கார்ந்தது. புது போல்ட், ஸ்பிரிங் வாஷர். முதல் நாள் ஓட்டி வந்ததும் மறுபடி ஒரு முறுக்கு, அது மிகவும் முக்கியம். இப்போது எட்டு மாதம் ஆகிறது, ஆடவில்லை. ஒரு விஷயம்: பல வண்டிகளில் போல்ட் தண்டில் இருக்கும் ஒரு வளையப் பள்ளத்தில் உட்காரும். அவற்றில் லிவரை இப்படி உள்ளே தள்ள முடியாது, வெட்டை அகலமாக்குவது மட்டும்தான் வழி.

பட்டறையில் "ஒரு பொட்டு வெல்டிங் வச்சிரலாம்" என்பார்கள். தயவுசெய்து வைக்க விடாதீர்கள். முந்தைய வண்டியின் கிக்கருக்கு அப்படி வைத்து, சூட்டில் ஆயில் சீல் (தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கருகி, வாசலெல்லாம் ஆயில். சீல் மாற்றலாம் என்றால் கிக்கர் கழன்று வராமல் சீல் வராது. கடைசியில் கிரைண்டரால் அறுத்தோம், தண்டின் பல்லும் சேர்ந்தே போனது. லிவர் கடையில் கிடைக்கும் பொருள். தண்டு இன்ஜினுக்குள் இருக்கிற பொருள். கை வைப்பதென்றால் லிவரில் வையுங்கள்.

வண்டன்மேடு:

அண்ணா, எனக்கு இதே கதை முன் ஸ்பிராக்கெட்டில், அதாவது செயினை இழுக்கும் பல்சக்கரம் தண்டில் உட்காரும் உள்பல்லில். ஆக்சிலேட்டரை விட்டுப் பிடித்தால் 'டொக்' என்று ஒரு சத்தம். கவரைத் திறந்தால் அந்த உள்பல் ஓரமெல்லாம் குங்குமம் தூவின மாதிரி சிவப்புப் பொடி. எண்ணெய்ப் பசை இல்லாமல் இரும்போடு இரும்பு உரசி வருகிற துரு அது. தப்பு என்னுடையதுதான். எஸ்டேட்டின் குண்டும் குழியுமான பாதையில் செயின் கழன்றுவிடுமே என்று விறைப்பாக வைத்திருந்தேன். ஆள் ஏறி உட்கார்ந்தால் அது இன்னும் விறைத்து ஸ்பிராக்கெட்டை இழுத்தபடியே இருக்கும்.

இங்கே கட்டப்பனை பக்கத்து மெக்கானிக் சேட்டன் ஒருவர் சொன்ன வழி: ஸ்பிராக்கெட் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தட்டையாக இருந்தால் திருப்பிப் போடு, தேயாத முகம் வேலைக்கு வரும். போட்டேன், சத்தம் பாதியாகக் குறைந்தது. தண்டில் கிரீஸ் தடவி, செயினில் 25 மில்லிமீட்டர் தளர்வு விட்டிருக்கிறேன். லாக் பிளேட் வகை ஸ்பிராக்கெட் (நட்டு இல்லாமல் ஒரு தகடு மட்டும் தண்டில் பிடித்து நிறுத்துவது) கையால் ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து வெல்டிங் பக்கம் போகாதீர்கள்.

செங்கோட்டை:

என்னிடம் அப்பா ஓட்டிய எஸ்டி (Yezdi) பைக் இருக்கிறது. மைசூர்த் தொழிற்சாலை 1996-இல் மூடுவதற்கு முன்னால் வாங்கியது. அதில் கியரும் கிக்கரும் ஒரே லிவர்தான், உள்ளே அழுத்தித் தூக்கினால் கிக்கர். இரண்டு வேலையும் ஒரே பல்லில். ஆரியங்காவு வழியாகப் புனலூர் போய்வந்த வருடங்களில் அப்பா அந்த போல்ட்டை வாரம் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார். அவருக்குப் பிறகு நான் பார்க்கவில்லை, பல் போய்விட்டது.

பழைய லிவரை விட மனசு வரவில்லை. காயலான் கடையில் பல் நன்றாக இருந்த, ஆனால் வளைந்துபோன லிவர் ஒன்று கிடைத்தது. அதன் காதை மட்டும் அறுத்து, லேத்தில் கடைந்து, அப்பா லிவரின் காதைக் குடைந்து உள்ளே இறக்கி வெல்டிங் வைத்தோம். வண்டியில் மாட்டி வைக்கவில்லை. கழித்துப் போட்ட தண்டுத் துண்டு ஒன்றைப் பல்லுக்குள் செருகி வைத்துக்கொண்டு பற்றவைத்தோம், சூட்டில் பல் சுருங்காமல் இருக்க. பிறகு சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டோம். அறுப்பதற்கு முன்னால் லிவர் நிற்கும் கோணத்துக்கு உளியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை போடவில்லை, லிவர் வானத்தைப் பார்த்து நின்றது. மறுபடி முதலிலிருந்து.

போடி:

கூடலூர் அண்ணே, தண்டில் பல்லே இல்லை என்றால்? கூல்டிரிங்க் டின்னை வெட்டிச் செருகினேன், மூணு நாள்தான் தாங்குச்சு.

கூடலூர்க்காரன்:

தம்பி, டின் தகடு வீடு வந்து சேரத்தான். பித்தளைத் தகடு என்றால் கூடக் கொஞ்ச நாள் வரும், அவ்வளவுதான். பல்லே இல்லை என்றால் தண்டை மாற்றிவிடு. கியர் தண்டு என்றால் என் வண்டி மாதிரி பல 100 சிசி வண்டிகளில் இன்ஜினைப் பிளக்க வேண்டாம், கிளட்ச் பக்கக் கவரைத் திறந்து கிளட்சை எடுத்தால் உருவிவிடலாம். கிக்கர் தண்டு என்றால் பெரும்பாலும் பிளந்துதான் ஆக வேண்டும், அதற்கு நல்ல மெக்கானிக்கைப் பார். எதுவானாலும் ஆயில் சீலையும் கவர் பேக்கிங்கையும் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டு திற. சீலைத் தண்டில் ஏற்றும்போது பல் மேல் ஒரு சுற்று செலோ டேப் ஒட்டிக்கொள், இல்லையென்றால் பல் முனை சீலின் உதட்டைக் கிழித்துவிடும்.