சக்தி அழியாது என்றால் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தச் சொல்வது ஏன்? பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

கேள்வி: விஞ்ஞான ஆசிரியை, உவர்மலை, திருகோணமலை

வணக்கம். தரம் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சக்தியின் வரைவிலக்கணத்தையும், ஒளி, ஒலி, வெப்பம் என்று அதன் வடிவங்களையும் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்புவித்து விடுகிறார்கள். ஆனால் மேசையிலிருந்து விழுந்த புத்தகம் தரையில் அசையாமல் கிடக்கும்போது அதன் சக்தி எங்கே போனது என்று கேட்டால், "முடிந்துவிட்டது ரீச்சர்" என்கிறார்கள். தென்னைக்குச் சக்தி பசளையிலிருந்து கிடைக்கிறது என்று எழுதுபவர்களும் உண்டு. இந்த நிலையில், சக்தியை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்று கரும்பலகையில் எழுதியதும், பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி, "அப்படியென்றால் கரண்டைச் சிக்கனமாகப் பாவிக்கச் சொல்வது எதற்கு?" என்று கேட்டாள். சமன்பாடுகளுக்குள் போகாமல், அதேவேளை உயர்தரத்தில் திருத்த வேண்டிய பொய்யையும் சொல்லாமல், இதற்கு எப்படி விடையளிக்கலாம்?

பதில்: ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், மூதூர்

அந்த மாணவிக்கு முதலில் ஒரு சபாஷ் சொல்லுங்கள். சக்திக் காப்பு விதியைப் பாடமாக்கிய எத்தனையோ பேருக்கு அந்தக் கேள்வி தோன்றுவதே இல்லை.

வடிவங்களின் பட்டியலைப் பாடத்தின் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எந்த நிகழ்வை எடுத்தாலும் "எங்கிருந்து வந்தது, எங்கே போய்ச் சேர்ந்தது" என்று மட்டும் கேட்டுப் பழக்குங்கள். விழுந்த புத்தகத்தின் சக்தி தரையையும் காற்றையும் புத்தகத்தையும் மிகச் சிறிதளவு சூடாக்கிவிட்டது என்று வாயால் சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது, காட்டத்தான் வேண்டும். ஒரு மீற்றர் நீளமான பிவிசி குழாயில் நன்றாக உலர்ந்த மணலைச் சிறிதளவு இட்டு, இரு பக்கமும் அடைத்து, மணலின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டபின், மணல் ஒவ்வொரு முறையும் முழு நீளத்துக்கும் விழுமாறு குழாயைத் தலைகீழாகப் புரட்டச் சொல்லுங்கள். 100 தடவை புரட்டினால் கணக்கின்படி ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் உயர வேண்டும்; குழாயும் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் அதைவிடக் குறைவாகவே காண்பீர்கள், ஆனாலும் உயர்வு தெரியும். கை வலிக்கப் புரட்டிய பிள்ளை, தன் சாப்பாட்டிலிருந்து வந்த சக்தி மணலுக்குள் வெப்பமாகக் கிடக்கிறது என்பதைப் பிறகு மறக்காது.

இனி உங்கள் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். சக்தியின் மொத்த அளவு குறையாவிட்டாலும், ஒவ்வொரு பாவனையின்போதும் அது சூழலெங்கும் பரவி, மீண்டும் திரட்டி எடுக்க முடியாதபடி ஆகிவிடுகிறது. கடலில் கரைத்த பெருங்காயம் எங்கும் போய்விடவில்லைதான், ஆனால் அதைக் கொண்டு சாம்பார் வைக்க முடியாது. நமது துறைமுகத்து நீரில் இருக்கும் வெப்பச் சக்தி கொஞ்சநஞ்சமல்ல. இருந்தும் சுற்றியுள்ள அனைத்தும் ஏறத்தாழ அதே வெப்பநிலையில் இருப்பதால் அதைக்கொண்டு ஒரு மின்குமிழைக்கூட எரிக்க இயலாது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் இவ்விடத்தில் சேர்க்கலாம். ஆழத்துப் பாறைகளில் சூடாகி மேலே வரும் அந்த நீர் 40 பாகையை ஒட்டியே இருப்பதால், குளிக்க உதவும் அளவுக்கு மின் பிறப்பிக்க உதவாது. வெப்பநிலை வேறுபாடு இருந்தால்தான் வெப்பத்திலிருந்து வேலை பெற முடியும் என்ற கருத்து இங்கே தானாகவே வந்துவிடும்.

பதில்: பெற்றோர், மின்பொறியியலாளர், நிலாவெளி

ஐயா சொன்னதோடு சில எண்களையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். மின்பட்டியலில் வரும் ஒரு யுனிற் என்பது 36 இலட்சம் யூல். 50 கிலோகிராம் அரிசி மூட்டையை ஒரு மீற்றர் உயர்த்த ஏறத்தாழ 500 யூல் போதும். ஆகவே ஒரு யுனிற் என்பது அப்படி 7200 தடவை தூக்குவதற்குச் சமம். 1000 வாற்று மின்னழுத்தி அதை ஒரு மணித்தியாலத்தில் தீர்த்துவிடும். என் மகன் இதைக் கேட்ட நாளிலிருந்து விசிறியை நிறுத்தாமல் அறையை விட்டு வெளியேறுவதில்லை (படிப்பு மேசைக்கு மட்டும் இன்னும் வரவில்லை). பழைய 60 வாற்று இழை மின்குமிழையும் அதே அளவு ஒளிதரும் 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழையும் ஒப்பிட்டால், மிச்சம் அத்தனையும் வெப்பமாகப் போவதை அருகில் பிடித்த வெப்பமானியே காட்டும். கண்ணாடியைத் தொட விட்டுவிடாதீர்கள்.

பதில்: ஆரம்பப் பிரிவு ஆசிரியை, கிண்ணியா

எண்கள் தரம் 7க்குப் பொருந்தலாம். தரம் 4, 5 பிள்ளைகளிடம் 36 இலட்சமும் 36 கோடியும் ஒன்றுதான். அந்த வயதில் நான் சக்தி என்ற சொல்லையே அவசரப்பட்டுச் சொல்வதில்லை. இறப்பர் நாடாவை முறுக்கி ஓடவிடும் படகு, காற்றாடி, வெயிலில் காயும் கருவாடு ஆகியவற்றில் எது எதை மாற்றியது என்று அம்புக்குறிகளால் வரையச் சொல்கிறேன். கருவாட்டில் மட்டும் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், ஏனெனில் அங்கே எதுவும் அசைவதில்லை. வெயில் மீனிலுள்ள நீரை ஆவியாக்கி வெளியேற்றுகிறது என்பது புரிந்ததும், தென்னைக்கும் சக்தி வெயிலிலிருந்தே வருகிறது, பசளை கனியுப்புகளை மட்டும் கொடுக்கிறது என்று சொல்வது இலகுவாகிறது.

மணல் பரிசோதனையில் ஒரு கவனம்: உள்ளங்கைச் சூடே மணலைச் சூடாக்கிவிடக்கூடும் என்பதால், குழாயைத் தடித்த துணியால் சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:

மிக்க நன்றி. அடுத்த வாரம் குழாயும் மணலுமாகத் தொடங்குகிறேன். கன்னியாவுக்குத் தரம் 6 பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாமா, ஐயா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், மூதூர்:

வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடு தெளியாத பிள்ளைகளுக்கு அது வெறும் சுற்றுலாவாகிவிடும். தரம் 8 வரை பொறுத்திருங்கள். கிணறுகள் ஏழும் ஒரே சூட்டில் இல்லாததால் வெப்பமானிகள் மூன்று நான்காவது கொண்டு போங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கவிட்டால், பாதிப் பேர் வாளியைத் தூக்கிக்கொண்டு குளிக்கப் போய்விடுவார்கள்.