வென்டிலேட்டரில் இருக்கும் தந்தையை நீண்டகாலத் தீவிர சிகிச்சை மருத்துவமனைக்கு மாற்றலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் எங்களுடன் வசிக்கும் என் தந்தைக்கு வயது 71. கடுமையான நிமோனியாவால் 19 நாட்களாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்திய பின்னும் வென்டிலேட்டர் இல்லாமல் அவரால் மூச்சு விட முடியவில்லை. நீண்டகாலத் தீவிர சிகிச்சை மருத்துவமனை ஒன்றுக்கு அவரை மாற்றலாம் என்றும், இரண்டு நாட்களில் முடிவைச் சொல்ல வேண்டும் என்றும் மருத்துவமனையில் நோயாளியின் அடுத்தகட்டப் பராமரிப்பை ஏற்பாடு செய்யும் கேஸ் மேனேஜர் கூறுகிறார். இது முதியோர் பராமரிப்பு இல்லத்தின் இன்னொரு பெயர்தானா? அப்பாவைக் கைவிடுகிறார்களோ என்று அம்மா அஞ்சுகிறார்.

பதில் 1:
சுவாச சிகிச்சையாளராக இத்தகைய மருத்துவமனை ஒன்றில் பணியாற்றியவள் நான். தங்கள் தாயாரிடம் முதலில் சொல்ல வேண்டியது, இது பராமரிப்பு இல்லம் அன்று, முழு உரிமம் பெற்ற மருத்துவமனை என்பதுதான். மருத்துவர் நாள்தோறும் நோயாளியைப் பார்ப்பார். சுவாச சிகிச்சையாளர்கள் இரவும் பகலும் இருப்பார்கள். டயாலிசிஸ், நரம்பு வழி மருந்துகள், ஆழமான படுக்கைப் புண்களுக்கான சிகிச்சை ஆகியவையும் அங்கேயே நடக்கும். நோயாளிகள் சராசரியாக 25 நாட்களுக்கு மேல் தங்குவதே இவ்வகை மருத்துவமனைக்கு, முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வகுத்துள்ள அடையாளம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வேலை உயிரைக் காப்பாற்றுவது. அதற்குப் பிறகு, வாரக்கணக்கில் இயந்திரம் மூச்சு விட்டதால் தளர்ந்துபோன, மூச்சை இயக்கும் உதரவிதானத் தசைக்குப் படிப்படியாக வேலை கொடுத்துப் பழக்குவதற்குப் பொறுமையும் ஒரே ஒழுங்கில் செல்லும் பயிற்சியும் தேவை; புதிய அவசர நோயாளிகள் வந்துகொண்டே இருக்கும் பிரிவில் இவை எளிதில் அமைவதில்லை. எங்கள் முறையில், முதல் நாள் வென்டிலேட்டரைக் கழற்றிக் கழுத்துக் குழாயில் ஈரப்பதமூட்டிய ஆக்சிஜனை மட்டும் கொடுத்துச் சிறிது நேரம் விடுவோம். நோயாளி தாங்கினால் மறுநாள் அந்த நேரத்தைக் கூட்டுவோம். 2013இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, இவ்வகை மருத்துவமனை ஒன்றில் இம்முறையில் பழக்கப்பட்டவர்கள், வென்டிலேட்டரின் அழுத்தத்தைச் சிறிதுசிறிதாகக் குறைத்துப் பழக்கப்பட்டவர்களைவிட விரைவாக விடுபட்டதைக் காட்டியது. இடைநிலைக் கால அளவு முன்னவர்களுக்கு 15 நாட்கள், பின்னவர்களுக்கு 19 நாட்கள்.

ஆனால் இரத்த அழுத்தம் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாலோ, அறுவை சிகிச்சை ஏதேனும் எஞ்சியிருந்தாலோ, அவசரப்பட்டு மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

பதில் 2:
செலவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தந்தையாருக்கு மருத்துவமனைச் செலவுக்கான மெடிகேர் ஏ பிரிவு இருக்குமானால், நேரடியாக மாற்றும்போது நோயாளி தம் பங்காக முதலில் கட்டும் தொடக்கக் கட்டணத்தை மீண்டும் செலுத்த வேண்டியதில்லை. எனினும் முதல் மருத்துவமனையில் கழிந்த நாட்களும் அதே கணக்கில் சேரும். 61ஆம் நாள் முதல் நோயாளி செலுத்த வேண்டிய தினசரிப் பங்குத் தொகை உண்டு. 90 நாட்களைத் தாண்டினால் வாழ்நாள் முழுவதற்கும் ஒரே முறை தரப்படும் 60 சேமிப்பு நாட்கள் குறையத் தொடங்கும். மெடிகேர் தரும் முழுக் கட்டண விகிதம் நீண்டகாலத் தீவிர சிகிச்சை மருத்துவமனைக்குக் கிடைக்க, நோயாளி அதற்கு முன் தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது 3 நாட்கள் இருந்திருக்க வேண்டும், அல்லது நீண்டகாலத் தீவிர சிகிச்சை மருத்துவமனையில் 96 மணி நேரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருக்க வேண்டும். தங்கள் தந்தையார் முதல் நிபந்தனையை ஏற்கெனவே நிறைவு செய்கிறார். தனியார் காப்பீடாக இருந்தால் முன் அனுமதி கேட்பார்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள்.

பதில் 3:
என் தாயார் இத்தகைய மருத்துவமனையில் ஏழு வாரங்கள் இருந்தார். வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டார், ஆனால் பழையபடி நடக்கவில்லை. மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் நாங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை நீங்கள் கேளுங்கள்: "இவர் மூச்சு விடத் தொடங்கினால், அதன் பின் எப்படிப்பட்ட வாழ்க்கை இருக்கும்?" தந்தையார் தன் விருப்பத்தை முன்பு எப்போதாவது சொல்லியிருந்தால் அதையும் அப்போதே தெரிவித்துவிடுங்கள். இயன்றால் அம்மாவை அழைத்துக்கொண்டு அந்த மருத்துவமனையை நேரில் பாருங்கள். நாள்தோறும் சென்றுவரக்கூடிய தொலைவில் இருப்பதும் முக்கியம். தன் அம்மாவின் குரல் கேட்ட நாட்களில் என் தாயார் பயிற்சியை அதிக நேரம் தாங்கினார் என்று செவிலியர் சொன்னபோது, எங்கள் பாட்டியைத் தினமும் அழைத்துச் சென்றோம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாளைக் காலை அம்மாவுடன் சென்று பார்க்கிறோம். மருத்துவரிடம் அந்தக் கேள்வியையும் கேட்கிறேன்.