புதுப்பிப்பு: அப்பாவின் புரோஸ்டேட் கதிர்வீச்சு 20 முறையில் முடிந்தது

அப்பாவின் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு 37 முறை கதிர்வீச்சு என்றார்கள், குறைக்க வழியுண்டா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

2016-இல் வெளியான பிரிட்டனின் 'சிப்' ஆய்வைக் காட்டிக் கேட்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. மொத்தம் 74 கிரேயை (கிரே என்பது கதிர்வீச்சு அளவின் அலகு) 37 முறையாகத் தருவதைவிட, 60 கிரேயை 20 முறையாகத் தருவது பலனில் குறைந்ததல்ல என்று காட்டிய ஆய்வு அது. டாக்டர் ஸ்கேனை மறுபடி பார்த்து ஒப்புக்கொண்டார். நான்கே வாரம்! ஐந்தே முறையில் முடிப்பது அப்பாவின் நிலைக்கு வேண்டாம் என்றார்.

எதிர்பாராதது: தினமும் தண்ணீர் குடித்து சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டுதான் படுக்கவேண்டும். இரண்டு நாள் மலக்குடலில் வாயு இருந்ததால் எழுப்பி நடக்கவிட்டு, மறுபடி படம் எடுத்தார்கள். மூன்றாம் வாரம் இரவில் சிறுநீர் கழிக்க ஐந்தாறு முறை எழுந்தார், அப்புறம் சரியாகிவிட்டது. பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் புற்றுநோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் அளவு) மெதுவாகத்தான் இறங்குகிறது.