கறி இல்லாத சமையலில் மாமியாருக்கும் பையனுக்கும் புரதம் எப்படிக் கொடுப்பது?

ரங்கூன் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூன் திங்கான்ஜுனில் இருக்கிறோம், வீட்டில் ஆறு பேர். முன்பு வாரம் இரண்டு தடவை கோழி, மாதம் ஒரு தடவை ஆட்டுக்கறி என்று ஓடியது. மாட்டுக்கறி எங்கள் வீட்டில் கிடையாது. இப்போது ஆட்டுக்கறியை மறந்தே நாளாகிவிட்டது. கோழியும் எங்கள் சந்தைக்குச் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. வருகிற நாளில் அரை வீசை வாங்கினாலே கையில் இருப்பது தீர்ந்துபோகிறது. மலிவான நாளில் சேர்த்து வாங்கி வைக்கலாம் என்றால் கரண்ட் இல்லை. போன மாதம் ஒரு வீசை கோழி ஃபிரிட்ஜுக்குள்ளேயே கெட்டுப்போனது. அள்ளிக் கொட்டும்போது அழுதுவிட்டேன்.

பையனுக்கு 14 வயது, எப்போது பார்த்தாலும் பசி. மாமியாருக்கு 71. காய்ச்சலில் கிடந்து எழுந்த பிறகு கை கால் எல்லாம் மெலிந்து, வளையல் கழன்று விழுகிறது. புரதம் நிறையக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் தினமும் சாம்பார், ரசம், கீரை என்று சமாளிக்கிறேன். இது போதுமா? சோயா உருண்டையைப் பையன் தொடுவதே இல்லை. உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

பெகு பெரியம்மா எழுதியது:

மகளே, முதலில் உன் சாம்பாரைப் பார்ப்போம். ஆறு பேருக்கு எவ்வளவு பருப்பு போடுகிறாய்? ஒரு கைப்பிடியைப் போட்டுப் புளித்தண்ணீரில் கரைத்தால் சோறு இறங்கும், உடம்பு தேறாது. காய்ந்த பருப்பு, பயறு எதுவானாலும் 100 கிராமில் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் பருப்பாவது வயிற்றுக்குள் போக வேண்டும். நம் வீசை 1.63 கிலோ, அதனால் ஆறு பேருக்கு ஒரு வீசைப் பருப்பு ஒன்பது நாள்தான் வர வேண்டும். உன் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று பார். சாம்பாரைக் கெட்டியாக வை. இதைச் செய்தாலே பாதிக் கவலை தீரும்.

1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்பா பெட்டியில் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அந்த நோட்டுகள்தான். அன்றிலிருந்து பல மாதம் எங்கள் வீட்டில் கறி கிடையாது, மீன்கூட எப்போதாவதுதான். அம்மா எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தது பெப்யோவில். பர்மாக்காரர்கள் காலையில் தலையில் தட்டு வைத்துக் கூவி விற்பார்களே, முளைகட்டி அவித்த பட்டாணி, அதேதான். அதை நம்மவர்கள் டீக்கடையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வதோடு விட்டுவிடுகிறோம். அம்மா அதை வீட்டிலேயே செய்தாள். காய்ந்த பட்டாணியை ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் உப்பும் மஞ்சளும் போட்டு அவிப்பாள். வெங்காயத்தைக் கடலை எண்ணெயில் சிவக்க வறுத்து மேலே கொட்டுவாள். ஒரு கிண்ணத்துக்குச் சுமார் 12 கிராம் புரதம் கிடைக்கும், அதாவது இரண்டு முட்டைக்குச் சமம். உன் பையனுக்குப் பள்ளிக்கூடம் போகும் முன் இதைக் கொடு.

அடுத்தது ஷான் இனத்தவரின் தோஃபூ. சீனக்கடைத் தோஃபூ மாதிரி இது சோயாவில் செய்வதில்லை, கடலை மாவுதான். சோயா பிடிக்காதவனுக்கு இது பிடிக்கும். ஒரு கிண்ணம் மாவுக்கு மூன்று கிண்ணம் தண்ணீர், உப்பு, கொஞ்சம் மஞ்சள். கட்டியில்லாமல் கரைத்து, கால் மணி நேரம் கையெடுக்காமல் கிளற வேண்டும். நம் களி கிண்டுவது மாதிரிதான். தட்டில் ஊற்றி ஆறவிட்டால் தானே இறுகிவிடும். பாதியைத் துண்டு போட்டுப் பொரி. மீதியை மெல்லியதாக அரிந்து புளி, வறுத்த வேர்க்கடலைப் பொடி, பூண்டு எண்ணெய் போட்டுப் பிசைந்து கொடு. பல் இல்லாத மாமியாருக்குக்கூட இது இறங்கும்.

கொண்டைக்கடலைக்குப் பர்மிய மொழியில் கலா பே என்று பெயர். கலா என்று இந்திய வம்சத்தாரான நம்மைத்தான் சொல்கிறார்கள், சில நேரம் நல்ல மனசோடு சொல்வதும் இல்லை. நம் பேர் ஒட்டிய பயறு இந்த ஊரில் எல்லார் வீட்டு அடுப்பிலும் வேகிறது என்பது எனக்கு எப்போதும் ஒரு நிறைவு.

கோழிக்குப் பதில் எது என்று ஒரே பொருளைத் தேடாதே. சோற்றில் குறைவது பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது சோற்றில் இருக்கிறது. ஒரே வேளையில் சேர வேண்டும் என்பதுகூட இல்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும். கூடவே ஒரு முட்டை, ஒரு பிடி வேர்க்கடலை. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த கடலை ஒன்றுகூடச் சேராமல் பொறுக்கி எறிந்துவிடு. மீனை உப்பில் புளிக்கவைத்த ஙாப்பியிலும் புரதம் உண்டு, ஆனால் உப்பு அதிகம், அதை நம்பிக் கணக்குப் போடாதே. நெத்திலிக் கருவாடு நல்லது, தலையோடு முள்ளோடு தின்னலாம்.

பயிண்நவுங் பருப்புக்கடை எழுதியது:

அக்கா, நான் மொத்தக் கடையில் வேலை செய்கிறேன். உளுந்து, துவரை இரண்டையும் மட்டும் நம்பாதீர்கள். 2021இல் இந்தியாவோடு போட்ட ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் ஐந்து ஆண்டுகளுக்கு என்று பேசியிருந்தார்கள். அங்கே வாங்கும் கை வேகமானால் இங்கே எங்கள் கடையில் விலை ஏறிவிடும். விளைந்த ஊரிலேயே இட்லிக்கு உளுந்து வாங்கத் தயங்குகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. பட்டாணி, கொள்ளு, மொச்சை பக்கம் திரும்புங்கள். கொள்ளை நம்மவர்கள் ரசத்துக்கு மட்டும் வாங்குகிறார்கள். பகான் பக்கம் அதிலிருந்துதான் பொன்யேஜி என்கிற புளித்த விழுது காய்ச்சுகிறார்கள், வெங்காயமும் எண்ணெயும் போட்டுப் பிசைந்தால் சோற்றுக்கு அருமை. கரண்ட் இல்லாவிட்டாலும் கெடாது.

மோல்மேன் நர்ஸ் எழுதியது:

மருமகள் அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாமியாருக்குப் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நன்றாக இருந்தால், அந்த வயதில் எடை ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். 45 கிலோ இருந்தால் 45 முதல் 54 கிராம். ராத்திரி ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள், வயதானவர்களுக்கு அதுதான் ஒட்டும்.

இன்னொன்று, பயறு மாதிரிதானே என்று மரத்தில் காய்க்கும் தன்யின்தீக் கொட்டையை நிறையச் சாப்பிட வேண்டாம். சிறுநீர் அடைத்து வலியில் துடித்து வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். ரங்கூன் பீன்ஸ் என்கிற பட்டர் பீன்ஸும் அப்படியே வேகவைக்கக் கூடாது, சயனைடு தரும் பொருள் அதில் உண்டு. ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மூடாமல் நன்றாகக் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

ரங்கூன் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெரியம்மா, கணக்குப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒரு வீசைப் பருப்பு இருபத்திரண்டு நாள் வந்திருக்கிறது. இத்தனை நாளாய்க் கவனிக்காமல் இருந்துவிட்டேனே என்று நெஞ்சு அடைத்தது. மாமியாருக்கு நாளைக்குப் பரிசோதனை. நேற்று தோஃபூ செய்தேன், பையன் பொரித்ததை எட்டுத் துண்டு தின்றான். மீந்ததை எவ்வளவு நேரம் வைக்கலாம்?

பெகு பெரியம்மா எழுதியது:

நெஞ்சடைக்க வேண்டாம், மகளே, யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. இந்த வெயிலில் காலையில் செய்ததைச் சாயங்காலத்துக்குள் தீர்த்துவிடு. மீந்தால் காகிதம் மாதிரி மெல்லியதாக அரிந்து வெயிலில் காயவை. மொறுமொறுவென்று காய்ந்தால் டப்பாவில் போட்டு வைத்துப் பொரிக்கலாம். நம் அப்பளம் மாதிரி இருக்கும்.