பெண் குழந்தைக்குப் ‘பஃறுளி’ என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: திருவட்டாரிலிருந்து ஒரு தாய்

வணக்கம். அண்மையில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ‘பஃறுளி’ என்று பெயர் வைக்க வேண்டும் என்பது என் கணவரின் விருப்பம். நான் பிறந்த வீடு மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், பாலத்தின் கீழே ஓடும் பறளியாறுதான் இலக்கியத்தில் வரும் பஃறுளி என்று கேட்டே வளர்ந்தவள் நான். எனக்கும் பெயர் பிடித்திருக்கிறது. கணவரின் குடும்பமோ குளச்சல் கடற்கரையைச் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் சொந்தங்களைப் பறிகொடுத்த வீடு. “கடல் கொண்டுபோன ஆற்றின் பெயரையா பிள்ளைக்கு வைப்பது?” என்று மாமியார் கேட்டபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பெயரின் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, யாரேனும் வைத்திருக்கிறார்களா, திருமுழுக்குக்கு இதைக் கொடுக்க முடியுமா, பிற்காலத்தில் சான்றிதழ்களில் தொல்லை வருமா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தக்கலை

வாழ்த்துகள், அம்மா. ‘பல்’ என்பதும் ‘துளி’ என்பதும் சேர்ந்து ‘பஃறுளி’ ஆயின. தனிக்குறிலை அடுத்து வரும் லகரத்தின் முன் தகரம் வந்தால், லகரம் ஆய்தமாகவும் தகரம் றகரமாகவும் திரியலாம் என்பது நன்னூல் சொல்லும் புணர்ச்சி விதி. அல் திணை ‘அஃறிணை’ ஆனதும் இப்படித்தான். பல துளிகள் சேர்ந்த ஆறு என்பதே நேர்ப்பொருள். இதைத் தாண்டிப் பெயர்ப் பட்டியல்களில் ‘வற்றாத செல்வம் உடையவள்’ என்பது போன்ற விளக்கம் எதையேனும் கண்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. பலரும் இந்தப் பெயரை அறிந்திருப்பது சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை வழியாகத்தான்; அங்கே பஃறுளி ஆற்றையும் குமரி மலையையும் ‘கொடுங்கடல்’ கொண்டதாகவே வருகிறது. ஆனால் பெயர் அங்கே தொடங்கவில்லை. புறநானூற்றின் 9ஆம் பாட்டில், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் வாழ்த்துகிறார். போர் தொடங்கும் முன்பே பசுக்களையும் பெண்களையும் நோயாளிகளையும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடச் சொல்லி எச்சரிக்கும் அறத்தைச் சொல்லிப் புகழ்ந்துவிட்டு, ‘நன்னீர்ப் பஃறுளி மணலினும் பலவே’ என்று முடிக்கிறார். அதாவது, நல்ல நீரையுடைய பஃறுளி ஆற்றின் மணலைவிடக் கூடுதலான காலம் நீ வாழ வேண்டும் என்கிறார். அந்தப் பாட்டில் ஆற்றைக் கடல் கொள்ளவில்லை. மணலும் நீருமாக அது இருக்கிறது. நீண்ட ஆயுளுக்கு அளவுகோலாக ஒரு புலவர் எடுத்துக்கொண்ட ஆற்றின் பெயர், பிறந்த குழந்தைக்கு எப்படிப் பொருந்தாமல் போகும்?

சிலப்பதிகார வரிகளையும் முழுதாகப் படித்துக்காட்டுங்கள். கடல்கோளைச் சொல்வது வழியில் எதிர்ப்படும் மறையவன் ஒருவன். அவன் அழுது புலம்பவில்லை. இழந்த நிலத்துக்கு ஈடாக வடக்கே கங்கையையும் இமயத்தையும் கொண்டு ஆண்ட ‘தென்னவன் வாழி’ என்றுதான் முடிக்கிறான். ஆக, இரண்டு இடத்திலும் இந்தப் பெயர் வாழ்த்தோடு சேர்ந்தே வருகிறது.

மறுமொழி: குலசேகரம் வாசகர்

ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பறளியாறே பஃறுளி என்று குழந்தைக்குச் சொல்லி வளர்க்கும் முன் சற்று யோசிக்க வேண்டுகிறேன். பெருஞ்சாணி அணையிலிருந்து வந்து, மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடியில் ஓடி, திருவட்டாருக்கு அருகில் மூவாற்றுமுகத்தில் கோதையாற்றோடு கலந்து, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டினத்தில் அரபிக்கடலில் விழும் ஆறு நம் பறளியாறு. அதை யாரும் கடலுக்குப் பறிகொடுக்கவில்லை. இலக்கியமோ பஃறுளியைக் கடல் கொண்டது என்கிறது. ஒலி ஒத்திருப்பதைத் தவிர வேறு சான்றை நான் பார்த்ததில்லை, அந்த ஒலியிலும் ‘பறளி’ என்றும் ‘பரளி’ என்றும் நம்மவர்கள் இரண்டு விதமாக எழுதுகிறார்கள்.

பஃறுளிக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே 700 காவதம் நிலம் இருந்தது என்பது சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் எழுதியது. மூலநூலில் அந்தக் கணக்கு இல்லை. பனியூழி முடிவில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்ததால் நம் கரையோரத் தாழ்நிலங்கள் மூழ்கியிருக்கும் என்பதைப் புவியியல் ஏற்கிறது, ஒரு கண்டமே மூழ்கியது என்பதை ஏற்கவில்லை. இவற்றால் பெயரின் அழகு குறைந்துவிடாது. பாலத்தின் மேல் நின்று, ‘உன் பெயரைப் போலவே ஒலிக்கும் ஆறு’ என்று காட்டுங்கள். அது முழு உண்மை.

மறுமொழி: பள்ளி ஆசிரியை, மார்த்தாண்டம்

நான் நடைமுறையை மட்டும் சொல்கிறேன், அக்கா. ஆற்றின் பெயரைப் பெண்ணுக்கு வைப்பது நமக்குப் புதிதில்லை. கங்கா, யமுனா, காவேரி, கோதாவரி எல்லாம் பழகிய பெயர்கள், வைகையும் பொன்னியும் உண்டு. மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய பிறகே பழைய நூல்களில் தேடிப் பெயர் எடுக்கும் பழக்கம் பரவியது, பஃறுளியும் அந்த வகையில் வருவதுதான். ஆனால் வைகையை ஏற்றுக்கொண்ட வீடுகள்கூட இதற்குத் தயங்குகின்றன. என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இந்தப் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. காரணம் ஆய்த எழுத்து. ஃபேன், ஃபோன் என்று எழுதிப் பழகிய பிள்ளைகள் ஃ எழுத்தைக் கண்டதும் ஆங்கில ‘எஃப்’ ஒலியைத்தான் நினைப்பார்கள். இலக்கண வகுப்பில் ‘அஃறிணை’ வரும் நாளில் கேலியும் வரும், அதற்கு இப்போதே தயாராக இருங்கள்.

பிறப்பைப் பதியும்போது பெயர் முடிவாகவில்லை என்றால் கவலை வேண்டாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதன் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஆகவே வீட்டில் பேசி முடிக்க அவகாசம் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளைத்தான் மிகக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘பி, ஏ, எச், ஆர், யு, எல், ஐ’ என்பது ஓரளவு நெருங்கி வரும். எதை முடிவு செய்தாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சேர்க்கை மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஓரிடத்தில் ‘எச்’, இன்னோரிடத்தில் ‘கே’ என்று எழுதிவிட்டால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைச்சல். வீட்டில் கூப்பிடத் ‘துளி’ போதுமே.

மறுமொழி: நாகர்கோவில் வாசகர்

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பொருள் நல்லது என்று நூலைக் காட்டி நிறுவலாம். ஆனால் கடலில் உறவைப் பறிகொடுத்த ஒருவருக்கு அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எது நினைவுக்கு வரும் என்பதை நூல் தீர்மானிக்காது. குழந்தையை நாள் முழுவதும் கூப்பிடப் போகிறவர் பாட்டிதான். ஆற்றுப் பெயரே வேண்டுமென்றால் ‘பொருநை’ இருக்கிறது. சொல்ல எளிது, ஆய்தம் இல்லை, கடல்கோள் கதையும் இல்லை.

திருமுழுக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இல்லை, கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயராக இருக்கக் கூடாது என்று மட்டுமே 855ஆம் விதி சொல்கிறது. ஆற்றின் பெயரில் அப்படிப் புறம்பானது எதுவும் இல்லை. எனினும் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேட்டவரின் பதில்

எல்லோருக்கும் நன்றி. புறநானூற்றுப் பாட்டை என் கணவர் நேற்று அவருடைய அம்மாவுக்குப் பொருளோடு படித்துக்காட்டினார். மணலினும் பல நாள் வாழ்க என்ற இடத்தில் மட்டும் அவர் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். மனம் முழுவதும் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். திருமுழுக்கில் தன் தாயின் பெயரான மரியாளை முதலில் வைக்க வேண்டும், பதிவேட்டில் உங்கள் பெயரை வைத்துக்கொள்ளுங்கள் என்று நிபந்தனை போட்டிருக்கிறார், நாங்கள் ஒப்புக்கொண்டோம். நாகர்கோவில் வாசகருக்கு: பொருநையையும் சொல்லிப் பார்த்தோம், “அது திருநெல்வேலி ஆறல்லவா?” என்று அவரே மறுத்துவிட்டார். ஆசிரியர் ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: ஆய்தத்தை எப்படி ஒலிக்க வேண்டும்?

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தக்கலை

லகரம் திரிந்து வந்த ஆய்தம் என்பதால் கால் மாத்திரைதான், அம்மா. ‘ப’ சொன்னதும் மூச்சை இலேசாகத் தொண்டையில் உரசவிட்டு, நிறுத்தாமல் ‘றுளி’க்குப் போய்விடுங்கள். ‘பக்ருளி’ என்று அழுத்த வேண்டாம். அஃது, இஃது என்று சிலமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் படிந்துவிடும்.