டெக்சாஸில் துணை ஆளுநருக்கு ஏன் தனித் தேர்தல்?

கேள்வி: புதுச்சேரியில் துணைநிலை ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பதையே பார்த்து வளர்ந்த எனக்கு, டெக்சாஸ் வாக்குச்சீட்டில் ஆளுநருக்கு ஒரு வாக்கும் துணை ஆளுநருக்குத் தனியே ஒரு வாக்கும் இருப்பது வியப்பளிக்கிறது. இருவரும் வெவ்வேறு கட்சியினராக வந்துவிட்டால் நிர்வாகம் எப்படி நடக்கும்?

மறுமொழி 1: அப்படியும் நடந்திருக்கிறது, ஐயா. 1994 தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆளுநராகவும், ஜனநாயகக் கட்சியின் பாப் புல்லக் துணை ஆளுநராகவும் வென்றனர். மோதுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள், ஏனெனில் புஷ்ஷின் அடுத்த தேர்தலில் அவரை ஆதரிக்கும் அளவுக்குப் புல்லக் நெருக்கமாகிவிட்டார். 31 உறுப்பினர் கொண்ட மேலவைக்குத் தலைமை வகிப்பவர், குழுத் தலைவர்களை நியமிப்பவர், எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்பவர் எல்லாம் துணை ஆளுநரே. அவையோ ஒற்றைப்படை ஆண்டுகளில் 140 நாட்களே கூடும். மசோதாவைக் கிடப்பில் போட்டாலே போதும், அது செத்துவிடும்.

மறுமொழி 2: ஒரு திருத்தம். அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி அரசமைப்பிலிருந்து அன்று, மேலவை தானே வகுத்துக்கொள்ளும் விதிகளிலிருந்து வருகிறது. மசோதாவை விவாதத்துக்கு எடுக்க முன்பு 21 உறுப்பினர் ஆதரவு வேண்டியிருந்தது. டான் பேட்ரிக் துணை ஆளுநராகப் பதவியேற்ற 2015 இல் அது 19 ஆகவும், 2021 இல் 18 ஆகவும் இறங்கியது.

கேள்வி கேட்டவர்: நன்றி. அப்படியானால் உறுப்பினர்கள் மனம் மாறினால் துணை ஆளுநர் கையிலிருப்பது அவையை நடத்தத் தட்டும் வெறும் சுத்தியல்தானா?

மறுமொழி 2: ஏறக்குறைய அப்படித்தான். மேலவைக்குத் தலைமை வகிப்பதும், வாக்குகள் சமமானால் தீர்க்கும் வாக்கும் அரசமைப்பே தந்தவை. அவற்றை மேலவை தன் விதிகளால் பறிக்க முடியாது.