கலாத்தியா செடி இலை ஓரம் கருகுது, வெயிலா தண்ணியா?

கேள்வி: ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி இருக்கு, நேர் வெயில் படாது. ஊத்துறது போர் தண்ணி. இலை நுனி பழுப்பாகி, தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்குது.

பதில்: தண்ணிதாங்க. போர் தண்ணி உப்பு நுனியில சேர்ந்து கருக்கிடும். மண் மேல வெள்ளைப் படலம் இருக்கா? தொட்டி அளவுக்கு மூணு மடங்கு மழைத்தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ மெதுவா ஊத்தி வடிய விடுங்க. தட்டுல தேங்கினதைக் கொட்டிடுங்க, வேர் அழுகும். கருகினது திரும்பப் பச்சையாகாது. புது இலையைக் கவனிங்க.

பதில்: இலையைத் திருப்பியும் பாருங்க. மெல்லிய நூலாம்படை, நகர்ற புள்ளி இருந்தா செஞ்சிலந்தி, அதாவது இலைச் சாறை உறிஞ்சுற பொடிப் பேன். ஈரத்துணியால துடைச்சு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிங்க. வாரம் ஒருமுறை, 3 வாரம்.

கேட்டவர்: படலம் இருக்குங்க. உரம் போடலாமா?

பதில்: ஒரு மாசம் வேண்டாம். அதுவும் உப்புதான்.